கரஸ் யாருக்கு, கல்லூரி யாருக்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பல வீடுகளில் இந்தப் பேச்சு அடிபடும்: "பையனை காலேஜில சேர்த்துடலாம். பொண்ணு வீட்டுல இருந்தபடியே கரஸ்ல படிக்கட்டும்." பஸ் செலவு மிச்சம், வீட்டு வேலைக்கும் ஆள் ஆச்சு, மூன்று வருடத்தில் பட்டமும் வந்துவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். பட்டத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கில் பிழை இல்லை. அந்தப் பெண்ணின் படிப்பைப் பார்த்தால் முழுக்கப் பிழை.

சட்டப்படி இரண்டு பட்டமும் ஒன்றுதான். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் தொலைநிலையிலோ இணைய வழியிலோ தரும் பட்டம், கல்லூரிக்குப் போய்ப் பெறும் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. கரஸ் பட்டத்தைக் குறைத்துப் பேசுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வேலை பார்ப்பவர்களின் வகுப்பறை

டெல்லி பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல் வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் இந்த வழியைத் திறந்தது. பின்னர் அண்ணாமலையும் சென்னையும் சேர்ந்துகொண்டன. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமே உருவானது. குடும்பச் சூழலால் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் வேலையை விட முடியாதவர்களுக்கும் இரண்டாவது வாய்ப்பு கொடுக்க வந்த ஏற்பாடு இது.

தேர்வு நாளில் ஒரு மையத்தின் வாசலில் நின்று பார்த்தால் இது புரியும். நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்த மில் தொழிலாளி, பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்படும் காவலர், கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஹால் டிக்கெட்டோடு உள்ளே ஓடும் பெண். இவர்களுக்குக் கரஸ் இல்லையென்றால் படிப்பே இல்லை.

நிரப்பப்படாத கோடுகள்

தொலைநிலைப் பாடப் புத்தகங்கள் ஆசிரியர் பக்கத்தில் இல்லாதவருக்காகவே எழுதப்படுபவை. பாடம் சின்னச் சின்ன அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இடையிடையே நம்மை நாமே சோதித்துக்கொள்ளக் கேள்விகளும், விடை எழுதப் புள்ளிக்கோடுகளும் இருக்கும். அந்தக் கோடுகளை நிரப்பிக்கொண்டே போகிறவர் உண்மையில் படிக்கிறார். பலருடைய புத்தகங்களில் அவை கடைசிவரை நிரப்பப்படுவதே இல்லை. அசைன்மென்டை யாரையாவது பார்த்து எழுதி, தேர்வுக்கு முந்தைய வாரம் கைடு வாங்கி ஒப்பேற்றிவிடுகிறார்கள். மதிப்பெண்ணில் குறைந்தது 70 சதவீதம் பருவ இறுதித் தேர்வுக்கு என்பதால் அரியர் சேர்வதும் இங்கேதான்.

முப்பது வயதில் வேலையோடு படிப்பவருக்குத் தான் ஏன் படிக்கிறோம் என்பது தெரியும். பதினெட்டு வயதுப் பெண் வீட்டில் புத்தகத்தை விரித்தால் தண்ணீர் பிடிக்க, தம்பியைக் கூட்டிவர என்று ஆயிரம் அழைப்பு வரும். அவள் படித்தாளா என்று கேட்க ஆள் இருக்காது. கல்லூரியில் சந்தேகத்தை அப்போதே கேட்கலாம். ஆய்வகம், நூலகம், செமினாரில் எழுந்து நின்று பேசும் பழக்கம், வேலைக்கு வழிகாட்டும் சீனியர் எல்லாம் அங்கேதான் கிடைக்கும். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிற பெண்ணுக்கு இவற்றை வீட்டில் யாரும் தர முடியாது.

செலவுதான் தடை என்றால், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் இருக்கிறது. அது கல்லூரிக்குப் போகிறவர்களுக்குத்தான், கரஸில் படிப்பவர்களுக்குக் கிடையாது.

பணம் கட்டும் முன்

கரஸ்தான் வழி என்றால் சிலவற்றைச் சரிபார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு அனுமதி உண்டா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் ஆகியவற்றைத் தொலைநிலையில் தருவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அனுமதியின்றிச் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் நடத்திய பொறியியல் படிப்புகள் மீது 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, 2001-05க்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. தமிழக அரசு வேலை உங்கள் இலக்கு என்றால் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை தப்பக் கூடாது.

கல்லூரிக்குப் போக வழியுள்ள பிள்ளையை, ஆணோ பெண்ணோ, கல்லூரிக்கே அனுப்புங்கள். அரசிடமும் ஒரு கோரிக்கை: ஞாயிற்றுக்கிழமைகளில் அரசுக் கலைக் கல்லூரிகளின் நூலகத்தையும் ஆய்வகத்தையும் கரஸ் மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள், சந்தேகம் தீர்க்க ஓர் ஆசிரியரையும் அங்கே அமர்த்துங்கள். இரண்டு பட்டமும் சமம் என்று அறிவித்தாகிவிட்டது. படிக்கும் வசதியும் சமமாகக் கிடைத்தால்தான் அந்த அறிவிப்புக்கு அர்த்தம் இருக்கும்.