வைகையின் இரு பாலங்களும் ஆண்டிபட்டிக் கணவாயும்

வருஷநாட்டு மலைகளில் உற்பத்தியாகி வடக்கு நோக்கிப் பாயும் வைகை, ஆண்டிபட்டி மலைத்தொடரின் வடகோடியைச் சுற்றி வளைந்து, சோழவந்தான் கழனிகளைச் செழிப்பித்து, மதுரை மாநகரை வந்தடைகிறது. இந்நதியை மதுரையிலும், தேனிக்கு அருகே குன்னூரிலும் ரயில் பாதை கடந்து செல்கிறது.

திருச்சிராப்பள்ளியிலிருந்து தென்னிந்திய ரயில்வே அமைத்த மீட்டர் பாதை, 1875-ஆம் ஆண்டில் மதுரையை எட்டி, மறு ஆண்டிலேயே தூத்துக்குடித் துறைமுகத்துடன் இணைந்தது. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே தோன்றும் இந்நதி, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரைபுரண்டு பிரவகிக்கும் இயல்புடையதாதலின், அச்சில நாட்களின் வேகத்தை உத்தேசித்தே மதுரையில் பாலம் அவசியமாயிற்று.

மலைச்சரிவுகளில் விளையும் ஏலக்காய் முதலிய வாசனைத் திரவியங்களைச் சமவெளிக்குக் கொணரும் வண்ணம், சுமார் 90 கிலோமீட்டர் நீளமுள்ள மதுரை–போடிநாயக்கனூர்ப் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. நதி சுற்றிச் செல்லும் அதே மலைத்தொடரை, இப்பாதை சுரங்கமின்றி, கணவாயில் பாறைகளை வெட்டித் திறந்த வழியாகவே ஊடுருவி, குன்னூரில் வைகையை மீண்டும் சந்திக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்ட இப்பாதையின் தண்டவாளங்கள், சுதந்திரத்திற்குப் பின்னர் மீண்டும் பதிக்கப்பட்டன. அகலப் பாதையாக்கும் பொருட்டு 2010-இன் இறுதியில் நிறுத்தப்பட்ட போக்குவரத்து, கணவாய் அகலப்படுத்தப்பட்ட பின்னர், 2022-இல் தேனி வரையிலும், 2023-இல் போடிநாயக்கனூர் வரையிலும் புத்துயிர் பெற்றது. மலைநாட்டின் விளைபொருளையும் மதுரையின் சந்தையையும் பிணைத்த இப்பாதை, நம் முன்னோரின் உழைப்புக்குச் சான்றாகப் போற்றிப் பாதுகாக்கத்தக்கது.