மயில்கழுத்தும் கிளிப்பச்சைச் சுவரும்

"ஏத்தா, சும்மா படந்தான பாத்துக்கிட்டு இருக்க? மூணு விசில் வந்ததும் குக்கர அணைச்சிரு."

ஸ்டுடியோக்காரர்களுக்கு வீட்டிலிருந்தே கல்யாணப் படங்களை எடிட் செய்து கொடுக்கத் தொடங்கிய முதல் வருடம், என் அத்தை தினமும் சொன்னது இது. அவரைக் குறை சொல்ல முடியாது. பார்க்கிறவர்களுக்கு நான் படம் பார்க்கிறவள்தான். ஆனால், வந்தது ரெண்டாவது விசிலா மூணாவதா என்று ஒரு காதை அடுப்படிக்குக் கொடுத்துவிட்டு, மணப்பெண்ணின் கன்னத்துப் பருவை அழித்துப் பாருங்கள். பருவோடு மூக்குத்தியும் போயிருக்கும்.

மதுரையில் முகூர்த்தம் முடிந்த மறுநாளே ஸ்டுடியோ பையன் பைக்கில் ஹார்ட் டிஸ்க்கோடு வந்து நிற்பான். மூவாயிரம், நாலாயிரம் ரா ஃபைல் இருக்கும். எல்லாம் சேர்ந்தால் நூறு ஜிபி. நெட்டில் ஏற்றுவதைவிட பைக்தான் வேகம்.

முதல் வேலை, கழிப்பது. கண் மூடியது, பந்தி பரிமாறுகிறவர் குறுக்கே வந்தது, தாலி கட்டும் ஒரே நொடியில் இருபது. லைட்ரூமில் கேப்ஸ் லாக்கைப் போட்டுக்கொண்டு 'பி' அழுத்தினால் படம் தேறியது, 'எக்ஸ்' அழுத்தினால் தள்ளுபடி. அடுத்த படம் தானாக வந்து நிற்கும். இதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவில் எழுந்து போனால், தாலி கட்டும் படத்தில் நல்லதாக ஒன்றை ஏற்கெனவே எடுத்து வைத்தோமா என்பது மறந்துபோகும். அதனால் விடிகாலை நாலரைக்கு உட்கார்ந்துவிடுவேன். அந்த நேரத்தில் குக்கரும் கூவாது, ஸ்டுடியோக்காரர்களும் "அக்கா, ரிசப்ஷன் பத்து படம் மட்டும் அவசரம்" என்று வாட்ஸ்அப்பில் வரமாட்டார்கள்.

அடுத்தது நிறம். இங்கேதான் நான் பட்டேன்.

என் அறைச் சுவர் கிளிப்பச்சை. வீடு கட்டியபோது ஆசைப்பட்டு அடித்தது. ஒரு ஆவணி மாதம், ஆல்பம் அச்சாகி வந்த பிறகு பெண் வீட்டார் ஸ்டுடியோவில் சண்டைக்கு நின்றார்கள்: "பொண்ணுக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரில்ல இருக்கு!" என் திரையிலோ அந்த முகம் பளிச்சென்று இருந்தது. அச்சகத்தைத் திட்டினேன், மானிட்டரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி சுவர். நாள் முழுக்கப் பச்சைக்கு நடுவே இருக்கும் கண், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது. அப்போது இயல்பான தோல் நிறம் கொஞ்சம் ரோஸாகத் தெரியும். அதைச் சரிசெய்கிறேன் என்று படம் படமாகப் பச்சையைக் கூட்டியிருக்கிறேன். மறு அச்சுக்கான செலவு என் கூலியில் போனது.

அந்த வாரமே சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "சிமென்ட் பூச்சோட நிறுத்திட்டியா, காசு பத்தலையா?" என்றார். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டேன். மானிட்டரை 6500 கெல்வினுக்கு வைத்து, மாதம் ஒருமுறை கேலிப்ரேட்டர் கருவியால் சோதிக்கிறேன். கண்ணுக்கு இதம் என்று சொல்லி கம்ப்யூட்டரில் இரவு நேர மஞ்சள் வெளிச்சம் ஒன்று வைத்திருக்கிறார்களே, அதை எங்கள் தொழிலில் தொடவே கூடாது. திரை மஞ்சளடிக்க மஞ்சளடிக்க, நாம் நீலத்தை ஏற்றிக்கொண்டே போவோம்.

சுவரும் திரையும் சரியான பிறகு, நேரத்தைப் பிரித்துக்கொள்ளவும் ஒரு வழி தேடினேன். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர், தக்காளி வடிவ சமையலறை டைமரை 25 நிமிடத்துக்குத் திருகிவைத்துப் படித்தார். பொமோதோரோ என்று இன்று எல்லோரும் சொல்லும் முறை அதுதான். இத்தாலியில் தக்காளிக்கு அந்தப் பேர். படம் கழிக்கும் வேலைக்கு அது எனக்கு ஒத்துவரவில்லை, ஓட்டம் அறுந்துபோகிறது. நிறம் பார்க்கும்போது மட்டும் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே மூளைக்கு முன்னால் கண் அலுத்துவிடும். கண் டாக்டர்கள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள். எங்கள் தெருவில் 20 அடி என்றால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. நல்ல வேளை, அது கறுப்பு.

ஆல்பம் அடுக்குவது, அளவு மாற்றுவது, பேக்கப் எடுப்பது எல்லாம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்த பிறகு. சத்தத்துக்கு நடுவிலும் அவை நடக்கும். போன் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும். மணியடித்தால் அத்தை எடுத்து, "அவ படம் பாத்துக்கிட்டு இருக்கா, அப்புறம் பேசு" என்று வைத்துவிடுவார்.

போன தை மாதம் காபி கொண்டுவந்தவர், என் முதுகுக்குப் பின்னால் நின்றபடி கேட்டார்: "அந்தப் பக்கத்துல மயில்கழுத்துப் பட்டு, இந்தப் பக்கத்துல வெறும் நீலமால்ல இருக்கு. பொண்ணு புடவ மாத்திருச்சா?" மாற்றவில்லை. மயில்கழுத்தில் ஊடு ஒரு நிறம், பாவு ஒரு நிறம்; ஃப்ளாஷ் விழும் கோணத்தைப் பொறுத்து ஒன்று அமுங்கி இன்னொன்று எழும்பும். நாலு மணி நேரம் அதையே பார்த்திருந்த எனக்கு அது தெரியாமல் போயிருந்தது. அரக்கு, வெந்தயக் கலர், மாம்பழ மஞ்சள் என்று முப்பது வருடம் பட்டுக்கடை ஏறி இறங்கிய கண் அவருடையது.

இப்போது அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் அவரைத்தான் கூப்பிடுகிறேன்.

"இருத்தா, குக்கர அணைச்சிட்டு வாரேன்."