வைரஸின் வழியிலேயே நுழையும் துகள்

2020 டிசம்பரில் பிரிட்டனில் பொதுமக்களுக்குப் போடத் தொடங்கிய ஃபைசர்–பயோஎன்டெக் கொரோனா தடுப்பூசியில், ஒரு தவணைக்கு இருந்த எம்ஆர்என்ஏ வெறும் 30 மைக்ரோகிராம். வைரஸின் ஸ்பைக் புரதத்தைச் செய்வது எப்படி என்று நம் செல்களுக்குச் சொல்லும் குறிப்பு அது. குறிப்பை எழுதுவது பெரிய பாடாக இல்லை. 2020 ஜனவரியில் வைரஸின் மரபணு வரிசை வெளியான சில நாட்களிலேயே வடிவமைத்துவிட்டார்கள். அதைச் சிதையாமல் செல்லுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பல பத்தாண்டுகள் ஆராய்ச்சியாளர்களை அலைக்கழித்த சிக்கல்.

எம்ஆர்என்ஏ நீளமானது, எளிதில் முறிவது. ரத்தத்திலும் திசுக்களிலும், ஏன், நம் விரல் நுனியிலும்கூட அதை வெட்டிப்போடும் நொதிகள் உண்டு. அவற்றுக்குத் தப்பினாலும் செல் உள்ளே விடாது. எம்ஆர்என்ஏவுக்கும் எதிர் மின்னூட்டம், செல் சவ்வின் மேற்பரப்புக்கும் எதிர் மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும்.

இதற்குக் கிடைத்த விடைதான் லிப்பிட் நானோ துகள். ஏறக்குறைய 100 நானோமீட்டர் விட்டமுள்ள கொழுப்பு உருண்டை. கொரோனா வைரஸின் அளவும் கிட்டத்தட்ட அதுவே. இத்துகளைக் கடுகளவுக்குப் பெரிதாக்கினால், அதே கணக்கில் ஒரு தலைமுடியின் தடிமன் ஓர் ஆள் உயரம் வந்துவிடும்.

உருண்டையில் நான்கு வகைக் கொழுப்புகள் உண்டு. கொலஸ்ட்ரால் உறுதி தருகிறது. பாஸ்போலிப்பிட் வெளிச்சுவர் அமைய உதவுகிறது. பெக் என்ற நீண்ட மூலக்கூறு இணைந்த லிப்பிட், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. நான்காவதுதான் கதாநாயகன்: சூழலுக்கேற்ப மின்னூட்டத்தை மாற்றிக்கொள்ளும் அயனியாகும் லிப்பிட்.

தயாரிக்கும்போது கொழுப்புகளை எத்தனாலில் கரைத்து, எம்ஆர்என்ஏ கலந்த அமில நீரோடு வேகமாக மோதவிடுகிறார்கள். அமிலத்தில் அயனியாகும் லிப்பிட் நேர் மின்னூட்டம் பெற்று எம்ஆர்என்ஏவைப் பற்றிக்கொள்கிறது. சில மில்லிநொடிகளில் துகள்கள் தாமாகவே உருவாகிவிடுகின்றன. பிறகு அமிலத்தை நீக்கினால் மின்னூட்டமும் மறைகிறது. நிலையான நேர் மின்னூட்டமுள்ள கொழுப்புகள் செல்களுக்கு நஞ்சாவது உண்டு; உடலுக்குள் நடுநிலையாக உலவும் இத்துகளில் அந்த ஆபத்து குறைவு.

செல் இத்துகளை எண்டோசோம் என்ற சிறு பைக்குள் விழுங்குகிறது. விழுங்கியதைச் சிதைப்பதற்காகப் பையில் அமிலம் ஏறுகிறது. ஏறியதும் லிப்பிட் மீண்டும் நேர் மின்னூட்டம் பெற்று, எதிர் மின்னூட்டமுள்ள பையின் சுவரைக் குலைக்கிறது. எம்ஆர்என்ஏ வெளியே நழுவி, புரதம் செய்யும் ரைபோசோம்களிடம் சேர்கிறது. இன்ஃபுளுயன்சா வைரஸும் இதே அமிலத்தைத்தான் பயன்படுத்துகிறது: அமிலம் பட்டதும் அதன் மேற்புரதம் உருமாறி, பையின் சவ்வோடு வைரஸை இணைத்துவிடுகிறது. கிருமிகள் கண்டுபிடித்த திருட்டு வழியைக் கிருமிகளுக்கு எதிரான தடுப்பு முறைக்கே திருப்பியதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் சாமர்த்தியம். ஆனால் வைரஸ் அளவுக்குக் கைதேர்ந்ததல்ல இத்துகள். பெரும்பகுதி பைக்குள்ளேயே அழிந்துபோக, சிறு பங்குதான் தப்புகிறது.

இது கொரோனாவுக்காக அவசரத்தில் செய்ததல்ல. கொழுப்புகள் நீரில் தாமாகவே குமிழாகச் சேர்வதை 1960களில் இங்கிலாந்தின் அலெக் பாங்ஹம் காட்டினார். கனடாவின் வான்கூவரில் பீட்டர் கல்லிஸும் சக ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் உழைத்து லிப்பிட் நானோ துகளைச் செம்மைப்படுத்தினார்கள். நரம்புகளைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய்க்கான ஆன்பாட்ரோ என்ற ஆர்என்ஏ மருந்து, இத்தகைய துகளில் ஏறி 2018-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. தொற்று வந்தபோது வாகனம் தயாராக நின்றது. சரக்கை மாற்றினால் போதுமென்ற நிலை. 2024-இல் ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸுக்கு எதிரான மாடர்னா தடுப்பூசியும் இந்த வழியில்தான் வந்தது.

குறைகளும் உண்டு. மிக அரிதாகச் சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்படுகிறது. பெக் லிப்பிட் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கிறது. ஃபைசர் தடுப்பூசியை முதலில் மைனஸ் 70 டிகிரியை ஒட்டிய குளிரில் வைக்க வேண்டியிருந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசிகளுக்கான குளிர்பெட்டிகள் 2 முதல் 8 டிகிரி வரை காப்பவை. 2022-இல் அவசர அனுமதி பெற்ற இந்தியாவின் முதல் எம்ஆர்என்ஏ தடுப்பூசியை, உறைய வைத்து உலர்த்திய பொடியாக அந்த வெப்பநிலையிலேயே வைக்கும்படி புனேயின் ஜென்னோவா நிறுவனம் தயாரித்தது. அடுத்த பெருந்தொற்றிலும் குறிப்பைச் சில நாட்களில் எழுதிவிடலாம். அது கடைக்கோடிக் கிராமத்தை எப்போது எட்டும் என்பதைத் தீர்மானிக்கப்போவது அதைச் சுற்றியிருக்கும் கொழுப்பு எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதே.