மார்கழியில் மீன் குளம்... ஹீட்டர் வேண்டாம், தீவனத்தைக் குறையுங்கள்!

'வீட்டுக்குப் பின்னால் 20 அடி நீளம், 12 அடி அகலத்தில் தார்ப்பாய் விரித்துக் குளம் அமைத்திருக்கிறேன். 4 அடி தண்ணீர் நிற்கிறது. ஜிலேபி கெண்டை 300 விட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் 200 கிராம் வந்துவிட்டது. போன வருஷம் இதே மாதிரி வளர்த்து, மார்கழியில் பாதி மீன் செத்து மிதந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர் போடச் சொல்கிறான். எத்தனை வாட் ஹீட்டர் வாங்கலாம்?' என்று சேலையூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஐப்பசி பிறந்தால் போதும், தாம்பரம், செம்பாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென், முடிச்சூர் பக்கமிருந்து இந்தக் கேள்வி வேறு வேறு வடிவில் வந்துகொண்டே இருக்கும். பயிர் படித்துவிட்டு வேளாண் அலுவலரான என்னிடம் நெல்லைப் பற்றிக் கேட்பவர்களைவிட, மாடித்தோட்டத்தையும் கொல்லைப்புற மீனையும் பற்றிக் கேட்பவர்கள்தான் இந்தப் பகுதியில் இப்போது அதிகம். அதனால் ஒருவருக்கு மட்டும் பதில் எழுதாமல், எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஹீட்டர் கணக்கு. 20 அடிக்கு 12 அடி, 4 அடி ஆழம் என்றால் சுமார் 27,000 லிட்டர் தண்ணீர். இதை ஒரே ஒரு டிகிரி சூடாக்கவே 31 யூனிட் மின்சாரம் வேண்டும். மீன் தொட்டிக் கடையில் விற்கும் 300 வாட் ஹீட்டரைப் போட்டால், அந்த ஒரு டிகிரிக்கு 100 மணி நேரத்துக்கு மேல் ஓடவேண்டும். அதற்குள் நான்கு இரவுகள் வந்து, ஏற்றிய சூட்டையெல்லாம் வாடைக்காற்று கொண்டுபோய்விடும். குளம் உறைந்துபோகிற நாட்டில், பனிக்கட்டியில் ஓட்டை விழாமல் மூடிக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ளச் சின்ன ஹீட்டர் மிதக்க விடுவார்கள். மகன் அதைப் பார்த்துச் சொல்லியிருப்பார். நமக்கு அது உதவாது.

அடுத்து, நம் ஊர்க் குளிர் மீனைக் கொல்லுமா? சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். மற்றபடி மார்கழி, தை விடியற்காலையில் 19, 20 டிகிரிக்கு இறங்கினாலே நாம் மப்ளரைத் தேடுகிறோம். ஜிலேபி கெண்டை 10, 12 டிகிரிக்குக் கீழே போனால்தான் குளிரால் சாகும். ரோகு, கட்லாவும் 20 டிகிரியைத் தாங்கிவிடும். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-லேயே குஞ்சு பொரிப்பகம் அமைத்து வளர்த்த ட்ரௌட் மீனுக்கோ தண்ணீர் 20 டிகிரிக்கு மேலே போனால்தான் கஷ்டம். ஆக, சேலையூர் குளத்தில் பாதி மீன் செத்ததற்குக் காரணத்தை வேறு இடத்தில்தான் தேடவேண்டும்.

குளிர் செய்கிற வேலை இதுதான். நம் கெண்டை மீன்களுக்கு 25 முதல் 32 டிகிரி வரை தண்ணீர் இருந்தால் நன்றாகத் தின்னும், செரிக்கும். 22-க்குக் கீழே வந்தால் செரிமானம் மந்தமாகும். 20-க்குக் கீழே தீவனத்தைச் சீண்டுவதே குறைந்துவிடும். மீன் அடியில் போய் அசையாமல் நிற்கும். நாமோ, 'பாவம், குளிரில் சோர்ந்துபோயிருக்கிறது' என்று இன்னும் ஒரு கை சேர்த்துப் போடுகிறோம். இந்த வாசகரிடம் இருப்பது 60 கிலோ மீன். கோடைக் கணக்குப்படி உடல் எடையில் 3 சதவிகிதம் என்றால் தினம் 1 கிலோ 800 கிராம் தீவனம். மார்கழியில் அதில் பாதியைத்தான் தின்கிறது என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு 900 கிராம் தவிடும் புண்ணாக்கும் குளத்தின் அடியில் கிடந்து அழுகும். அழுகுவதற்கு ஆக்சிஜன் வேண்டும். அழுகியபின் அம்மோனியா வரும்.

குளிர்ந்த தண்ணீர் சூடான தண்ணீரைவிட அதிக ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் என்றால், 20 டிகிரியில் 9 மில்லிகிராம் வரை. அப்படியிருந்தும் மார்கழியில் மீன் மூச்சுத் திணறுகிறதே என்றால், அதற்குக் காரணம் வானம். பச்சைத் தண்ணீரில் இருக்கும் பாசி, வெயில் இருந்தால்தான் பகலில் ஆக்சிஜன் தயாரிக்கும். இரவில் அதே பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மூன்று நாள் தொடர்ந்து மப்பும் மந்தாரமுமாக இருந்தால் வரவு இல்லை, செலவு மட்டும். கூடவே அழுகும் தீவனமும் பங்கு கேட்கும். நான்காம் நாள் விடியற்காலை 4 மணிக்கு மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நாம் 7 மணிக்குப் போய்ப் பார்க்கும்போது மிதந்துகொண்டிருக்கும்.

செத்த மீனைப் பார்த்தே காரணத்தை ஓரளவு சொல்லிவிடலாம். ஒரே இரவில் மொத்தமாகச் செத்து, அதிலும் பெரிய மீன்கள் முதலில் போய், வாய் பிளந்து செவுள் விரிந்து கிடந்தால் அது ஆக்சிஜன் பற்றாக்குறை. தினம் இரண்டு, மூன்று என்று சின்னதும் பெரியதுமாகச் செத்து, உடம்பில் புண்ணோ புள்ளியோ இருந்தால் நோய். எப்படிச் செத்தது என்று சேலையூர் வாசகர் எழுதவில்லை. ஆனால் ஜிலேபி கெண்டை, இவ்வளவு நெருக்கம், மழை மாதம் என்று பார்த்தால் ஆக்சிஜன் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

என்ன செய்யலாம்?

50, 100 ரூபாயில் கிடைக்கும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, காலை 6 மணிக்கு ஒரு முழ ஆழத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் 22-க்குக் கீழே வந்துவிட்டால் தீவனத்தை உடல் எடையில் 1 சதவிகிதமாகக் குறையுங்கள். மேலே சொன்ன குளத்துக்கு 600 கிராம் போதும். அதையும் காலையில் போடாமல், வெயில் ஏறி 11 மணிக்கு மேல் ஒரே வேளையாகப் போடுங்கள். அரை மணியில் தின்னாமல் விட்டால் மறுநாள் இன்னும் குறையுங்கள். 20-க்குக் கீழே இறங்கினாலோ, வெயிலே இல்லாத நாளிலோ தீவனமே வேண்டாம். இரண்டு, மூன்று நாள் பட்டினி கிடந்தால் மீன் சாகாது. சாணிக் கரைசல் ஊற்றுகிறவர்கள் கார்த்திகையிலேயே அதை நிறுத்திவிடவேண்டும். 'சாணி சூடு தரும்' என்று ஒரு பேச்சு உண்டு. அது ஆக்சிஜனைத் தின்னும் என்பதுதான் நான் கண்டது.

கோடையில் கட்டிய பச்சை நிழல்வலையை அவிழ்த்துவிடுங்கள். நிறையப் பேர் வருஷம் முழுக்க அப்படியே விட்டுவிடுகிறார்கள். வடகிழக்குப் பக்கம் மட்டும் தென்னங்கீற்றில் ஒரு தட்டி கட்டினால் வாடை நேராகத் தாக்காது. அசோலா குளத்தை மூடியிருந்தால் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் விட்டு மீதியை அள்ளி மாட்டுக்கும் கோழிக்கும் போடுங்கள்.

இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை காற்று பம்ப் ஓடட்டும். மழைக்காலத்தில் நம் புறநகரில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. போனால், அது போகிற நேரமும் மீனுக்கு மூச்சு முட்டுகிற நேரமும் ஒன்றாகவே இருக்கும். எனவே இன்வெர்ட்டரில் இணைப்பு கொடுங்கள், அல்லது பேட்டரி பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். இரண்டும் இல்லையென்றால் வாளியில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றலாம். கை வலிக்கும், மீன் பிழைக்கும்.

போர் தண்ணீர் நமக்கு இருக்கும் இலவச ஹீட்டர். மார்கழி விடியலிலும் அது வெதுவெதுப்பாகத்தான் வரும். ஆனால் அதில் ஆக்சிஜன் மிகக் குறைவு. சில இடங்களில் இரும்பும் அதிகம். குழாயை நேரே குளத்துக்குள் விடாமல், பூவாளி போலச் சிதறி விழும்படி செய்து, ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாமல் விடுங்கள். லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ குளோரின் கலந்திருக்கும். திறந்த தொட்டியில் ஒரு நாள் வெயிலில் நிறுத்திய பிறகே சேர்க்கவேண்டும்.

டெங்கு பயத்தில் கொசு மருந்து தெளிக்க வருபவர்களிடம் 'இது மீன் குளம், புழுவை மீனே தின்றுவிடும்' என்று சொல்லி அனுப்புங்கள். நீங்களும் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெய்ப் படலம் காற்றை அடைத்துவிடும்.

விரால் வளர்க்கிறவர்களுக்கு...

மேலே சொன்ன கவலை விராலுக்குக் குறைவு. அது மேலே வந்து நேராகக் காற்றைச் சுவாசிக்கும். அதற்கு ஆபத்து புண் நோய். 1971-ல் ஜப்பானில் கண்டறியப்பட்டு, ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியா என்று பரவி, 1988-ல் நம் நாட்டின் வடகிழக்கு மாநிலங்களுக்குள் நுழைந்த நோய் இது. அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற கிருமிதான் காரணம். பெருமழைக்குப் பிறகு தண்ணீர் 18 முதல் 22 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் இது தலைதூக்கும். நம்முடைய மார்கழியே அதற்கு ஏற்ற பருவம். முதலில் சிவப்புப் புள்ளி, பிறகு சதையைத் துளைத்த ஆழமான புண். விராலுக்கு அதிகம், ரோகு, கட்லாவுக்கு ஓரளவு, ஜிலேபி கெண்டைக்கு அநேகமாக இல்லை.

வந்தபின் அலைவதைவிட மழைக்கு முன்பே விவசாயச் சுண்ணாம்பு போடுவது மேல். சென்ட்டுக்கு 1 கிலோ கணக்கில், தண்ணீரில் கரைத்துக் காலையில் பரவலாக ஊற்றவேண்டும். சேலையூர் குளம் அரை சென்ட்டுக்குச் சற்று அதிகம் என்பதால் அரை கிலோ போதும். மழைத் தண்ணீர் புளிப்புத் தன்மையோடு சேர்வதையும் இது சரிக்கட்டும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பை மீன் உள்ள குளத்தில் போடவே கூடாது. புண் வந்துவிட்டால், புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'சிஃபாக்ஸ்' மருந்து இருக்கிறது. 1 ஹெக்டேர் பரப்பில் 1 மீட்டர் ஆழத் தண்ணீருக்கு 1 லிட்டர் என்பது அளவு. அப்படியானால் 27,000 லிட்டருக்கு 3 மில்லிகூட வராது! மூடியால் அளந்து ஊற்றுகிற பழக்கம் இங்கே ஆபத்து. ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். மெடிக்கலில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கித் தீவனத்தில் பொடித்துப் போடுவது வேண்டாம். செத்த மீனை ஏரியில் வீசாமல், சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள்.

பழைய கிணற்றில் மீன் விட்டிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். குளிர்ந்த மழைநீர் கனமாக இருப்பதால் அடிக்கு இறங்கும். அடியில் கிடந்த கெட்ட தண்ணீர் மேலே வரும். அழுகிய முட்டை வாடை வந்தால் அன்றே பாதி மீனையாவது பிடித்துவிடுவது நல்லது.

கோய், தங்க மீன் இரண்டும் குளிருக்கு அஞ்சாதவை. உடம்பில் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி வந்தால் மட்டும் 1,000 லிட்டருக்கு 2 கிலோ கல் உப்பை இரண்டு நாளில் மூன்று தவணையாகக் கரைத்துவிடுங்கள். தொட்டியில் செடி இருந்தால் முன்பே எடுத்துவிடவேண்டும்.

இவ்வளவும் செய்து, ஒரே மழையில் மொத்த மீனும் தெருவுக்குப் போய்விடக் கூடாது. 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் எந்த நிலையில் இருந்தன என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குளத்தின் விளிம்பு தரையிலிருந்து இரண்டடியாவது உயர்ந்திருக்கவேண்டும். வழியும் குழாய்க்கு வலை கட்டி, மேலே சுற்றிலும் நைலான் வலை போடுங்கள். தெருத் தண்ணீர் உள்ளே வந்தால் சாக்கடையும் சேர்ந்தே வரும். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் ஐப்பசிக்குள் பெரிய மீன்களைப் பிடித்து விற்றுவிட்டு, குளத்தில் பாதி எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்வதுதான் என் யோசனை. சேலையூர் வாசகருக்கும் அதையே சொல்வேன். 200 கிராம் மீன் குழம்புக்குப் போதுமானதுதானே!

பொங்கல் கழிந்து காலைத் தண்ணீர் தொடர்ந்து ஒரு வாரம் 24 டிகிரிக்கு மேல் நின்றால் தீவனத்தை வாரத்துக்கு அரை சதவிகிதமாகக் கூட்டலாம். பழைய தீவன மூட்டையை அப்போது பிரித்துப் பாருங்கள். மழையில் பூசணம் பிடித்திருந்தால் எருக்குழிக்குப் போகட்டும்.