கைத்தொலைபேசிக்குள் ஒரு குசினி

கைத்தொலைபேசி விளையாட்டு என்ற பேச்சு எழுந்தாலே, எமது ஊர்களில் அது இளைஞர்கள் இரவிரவாக விளையாடும் பப்ஜி, ஃப்ரீ ஃபயர் பற்றியதாகத்தான் இருக்கும். ஜும்ஆ பிரசங்கங்களிலும் பாடசாலைப் பெற்றோர் கூட்டங்களிலும் இதையே கேட்கிறோம். ஆனால் குடும்பப் பெண்களும் பெண் பிள்ளைகளும் சத்தமில்லாமல் விளையாடுகின்ற இன்னொரு வகை இருக்கிறது. அதுதான் சமையல் விளையாட்டு. நானும் விளையாடுகிறேன். இரண்டு பிள்ளைகளின் தாயாகவும் ஆசிரியையாகவும் இருக்கின்ற நான், இஷா தொழுது, பிள்ளைகள் உறங்கிய பின்னர் ஓர் இருபது நிமிடம் அதில் இருப்பேன்.

"பகலெல்லாம் குசினிக்குள்ள நின்டது போதாதா புள்ள, இரவைக்கும் போனுக்குள்ள சமைக்கணுமா?" என்று என் ராத்தா கேட்பார். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன்னர், இந்த விளையாட்டு எப்படி இயங்குகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

திரையில் ஒரு சிறிய கடை. வாடிக்கையாளர் வந்து நிற்பார். அவருடைய தலைக்கு மேலே அவர் கேட்கும் உணவின் படம் தெரியும். பக்கத்தில் அவருடைய பொறுமையைக் காட்டும் ஒரு கோடு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். அது முடிவதற்குள் அடுப்பில் வைத்து, கருகுவதற்கு முன் இறக்கி, தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தவுடன் காசு விழும் சத்தம். அந்தக் காசில் நல்ல அடுப்பு, பெரிய தாச்சி என்று வாங்கிக் கடையைப் பெருப்பிக்கலாம். 2004இல் கணினிக்கு வந்த 'டைனர் டாஷ்' இந்த அமைப்பைப் பிரபலப்படுத்தியது. அலுவலக வேலையில் சலித்துப்போன ஒரு பெண் சொந்தமாக உணவகம் நடத்துவதே அதன் கதை. 2006இல் ஜப்பானில் இருந்து நின்டெண்டோ டீஎஸ் கருவிக்கு 'குக்கிங் மாமா' வந்தது. அதில் வெட்டுவது, கிளறுவது எல்லாவற்றையும் கையால் செய்து பார்க்கலாம். இன்று தொலைபேசியில் இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டின் வாரிசுகள். 'குட் பிஸ்ஸா, கிரேட் பிஸ்ஸா' போன்றவை இன்னும் ஆறுதலானவை. அதில் வேகத்தை விட, வாடிக்கையாளர் சுற்றி வளைத்துச் சொல்வதைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம்.

இனி ராத்தாவின் கேள்விக்கு வருகிறேன். உண்மையான குசினியில் வேலைக்கு முடிவே இல்லை. காலை இடியப்பம் முடிந்தால் பகல் கறி, அது முடிந்தால் அஸருக்குத் தேநீரோடு ஏதாவது. நோன்பு காலத்தில் கஞ்சி, சம்சா, கட்லட் என்று சேர்ந்துகொள்ளும். எல்லாம் முடிந்தாலும் சட்டி கழுவும் வேலை காத்திருக்கும். விளையாட்டுக் குசினியில் வெங்காயம் கண்ணை எரிப்பதில்லை, காஸ் முடிவதில்லை, ஒரு கட்டம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்தது என்று திரையே சொல்லும். அதைவிடப் பெரிய விடயம், சாப்பாட்டை வாங்கிய ஒவ்வொருவரும் சிரிக்கிறார், உடனே கூலி தருகிறார். நம் வீடுகளில் உப்புக் குறைந்தால் மட்டும்தானே சமையல் பற்றிய பேச்சு வருகிறது! பகலெல்லாம் சமைத்த ஒரு பெண் இரவில் பொய்க் கடையில் சமைத்து இளைப்பாறுகிறாள் என்றால், அவளைப் பரிகசிப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

ஆனால் இந்த ஆறுதலுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஆரம்பக் கட்டங்கள் மிக இலகுவானவை. பின்னர் வாடிக்கையாளர் கூடும், பழைய அடுப்பு போதாமல் போகும். புதியதை வாங்கினால் அது வந்து சேரப் பல மணி நேரம் காத்திருக்கச் சொல்லும். காத்திருக்க விருப்பமில்லையா, வைரம் கொடு. வைரம் இல்லையா, உண்மையான பணம் கொடு. அல்லது முப்பது விநாடி விளம்பரம் பார். இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுக்கு வருமானம் வருவது இந்த வழிகளில்தான். அந்த விளம்பரங்கள் எமது டேட்டாவையும் தின்கின்றன. சில வேளைகளில் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க முடியாத படங்களையும் காட்டுகின்றன.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இன்னொன்று. இவ்வகையில் பெயர்போன ஒரு விளையாட்டுக்குள், உணவகங்களுக்கு நடுவே ஒரு கசினோவும் இருக்கிறது. நாணயத்தைப் பந்தயமாக வைத்து இயந்திரத்தைச் சுழற்றினால் வைரம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வேறு சிலவற்றில் அதிர்ஷ்டச் சக்கரம், பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டி. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு, அவ்வாறான பெட்டிகள் சில பிரபல விளையாட்டுகளில் சூதாட்டச் சட்டத்துக்குள் அடங்குகின்றன என்று தீர்மானித்தது. மார்க்கம் பேசாத ஒரு நாட்டின் நிலைப்பாடே அது. சூரா அல்மாயிதாவின் 90ஆவது வசனத்தை ஓதுகின்ற நாம், எட்டு வயதுப் பிள்ளை 'சமையல்' என்ற பெயரில் அந்த இயந்திரத்தைச் சுழற்றிப் பழகுவதைப் பார்க்காமல் இருந்துவிட முடியாது. பிஸ்ஸா விளையாட்டுகளில் வரும் பெப்பரோனி அமெரிக்காவில் பொதுவாகப் பன்றி இறைச்சி கலந்து செய்யப்படுவது என்பதையும் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. திரையில் அதைத் தொடுவது பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம்தான் கேட்க வேண்டும், அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எனது மகளுக்கு அது என்ன இறைச்சி என்று விளக்கினேன். கடையில் வாங்கும்போது பொதியில் ஹலால் குறியைப் பார்க்க அவள் இப்போது மறப்பதில்லை.

தரவிறக்கும் முன் பிளே ஸ்டோரில் விளையாட்டின் பெயருக்குக் கீழே பாருங்கள். விளம்பரம் உள்ளதா, உள்ளே பணம் செலுத்தி வாங்கும் வசதி உள்ளதா என்று அங்கேயே எழுதியிருக்கும். அந்தக் கொள்முதல்களின் விலை எங்கிருந்து எங்கு வரை என்பதும் விபரத்தில் இருக்கும். பிளே ஸ்டோர் அமைப்புகளில், ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். பிள்ளை விளையாடும் தொலைபேசியில் வங்கி அட்டை இலக்கத்தைச் சேர்க்காமல் விடுவது அதைவிடப் பாதுகாப்பானது. தவறுதலாக ஏதும் வாங்கப்பட்டிருந்தால் 48 மணித்தியாலங்களுக்குள் கூகுளிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பியுங்கள், பிந்தினால் கடினம். இணையம் இல்லாமல் இயங்கும் விளையாட்டாயின் டேட்டாவை நிறுத்திவிட்டு விளையாடலாம். விளம்பரங்கள் வராது, பொதியும் மிஞ்சும்.

அறிவித்தல்களையும் நிறுத்திவிடுங்கள். 'வாடிக்கையாளர்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்' என்ற செய்தி மஃரிப் நேரம் பார்த்துத்தான் வரும். நான் ரமழான் பிறந்தவுடன் செயலியையே அழித்துவிடுவேன். கணக்கோடு இணைத்து வைத்திருந்தால், பெருநாள் முடிந்து மீண்டும் தரவிறக்கும்போது கடை விட்ட இடத்திலேயே இருக்கும்.