முடிச்சு அவிழும் நாள்

கண் நீர் அழுத்த நோய்க்கான அறுவை சிகிச்சையில் கண்ணின் அழுத்தத்தைக் குறைப்பது பாதி வேலைதான். அது ஒரேயடியாக இறங்கிவிடாமல் பிடித்து வைப்பது மறுபாதி. அந்த வேலையைச் செய்வது ஒரு தையல் நூல்.

கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வழி அடைபட்டால் அழுத்தம் ஏறுகிறது. சாதாரணமாக அது பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அதைத் தாண்டிப் பல மாதங்கள் நீடித்தால் பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சாகக்கூடும். போன பார்வை திரும்பாது. பெரும்பாலும் வலியில்லாமல் வருவதால் பலருக்குத் தெரிவதே இல்லை. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரிடம் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2003இல் வெளிவந்தது. 2.6 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதில் அதிகம் காணப்பட்ட திறந்த கோண வகை நோயாளிகளில் 93 சதவீதத்தினர் அதுவரை அதை அறியாதவர்கள். நோய் முற்றிய பின் வருகிறவர்களுக்குச் சொட்டு மருந்து மட்டும் போதாமல் போகிறது.

1968இல் கெய்ர்ன்ஸ் விவரித்த டிரபெகுலெக்டமி இன்றும் முதன்மையான அறுவை சிகிச்சை. விழியின் வெள்ளைப் பகுதியில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு மடலைப் பாதி ஆழத்தில் செதுக்கித் தூக்கி, அடியில் சிறு துளையிட்டு, மடலைத் திரும்ப மூடித் தைப்பார்கள். நீர் மடலின் ஓரமாகக் கசிந்து மேல் இமைக்கு அடியில் சிறு குமிழாகத் தேங்கி, அங்கிருந்து உறிஞ்சப்படும்.

தையலைத் தளர விட்டால் கண் வற்றிப்போகும். முன்னறை சுருங்கும், விழித்திரை மடிப்பு விழும், பார்வை மங்கும். இறுக்கிவிட்டால் அழுத்தம் இறங்காது, அதற்குள் புண் ஆறித் தழும்பு வழியை அடைத்துவிடும். மதுரைப் பக்கத்துக் கண்மாய்க் கலுங்கில் குத்துக்கற்களுக்கு நடுவே பலகையும் மண்ணும் அடைத்து நீரைத் தேக்கி, வரத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். மருத்துவரும் முதலில் இறுக்கித்தான் தைக்கிறார். பிறகு ஒவ்வொன்றாகத் தளர்த்துகிறார்.

இதற்குப் பயன்படும் 10-0 நைலான் நூலின் தடிமன் 0.02 முதல் 0.03 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெல்லியது. தளர்த்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று லேசர்: கண்ணில் சிறு லென்ஸை அழுத்தினால் ரத்தக்குழாய்கள் வெளிறி, அடியில் இருக்கும் கருநூல் தெரியும்; ஒளி பட்டதும் நூல் அறுந்துவிடும். இளம் வயதினரின் தடித்த சவ்விலும், ரத்தம் கட்டிய கண்ணிலும் நூலைக் காண்பது கடினம். மற்றொன்று உருவு தையல்: சுருக்கு முடிச்சுப் போட்டு நூலின் முனையைக் கருவிழி ஓரத்தில் பதித்து வைப்பார்கள். பிறகு மரத்துப்போகும் சொட்டு மருந்திட்டு, நுண்ணோக்கி விளக்கின் முன் உட்காரவைத்து, இடுக்கியால் இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து வந்துவிடும். லேசர் இல்லாத இடத்திலும் செய்யலாம் என்பதே இதன் பெரிய பலம். முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உறுத்தும், கிருமியும் நுழையும். ஆகவே புதைப்பதில் கவனம் வேண்டும்.

எந்த வழியானாலும் ஒரு நேரத்தில் ஒரு தையல்தான். எடுத்தவுடன் அழுத்தத்தை அளந்து பார்ப்பார்கள். முதல் சில நாட்களில் தொடாமல், தழும்பு இறுகுவதற்குள் முடிக்க வேண்டும். பொதுவாக இரண்டு, மூன்று வாரங்களே அவகாசம். தழும்பைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்து வைத்திருந்தால் அது நீளும். அதனால் உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் ஏறி வரும் நோயாளி, நடவு வேலையில் ஒரு வாரப் பரிசோதனையைத் தவறவிடுவது சாதாரணத் தவறல்ல.

டிரபெகுலெக்டமி பலன் தராத கண்ணுக்குக் குழாய் வைக்கிறார்கள். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையின் உற்பத்திப் பிரிவான ஆரோலேப், 2013இல் 'ஆடி' என்ற வடிகால் கருவியை வெளியிட்டது. 350 சதுர மில்லிமீட்டர் சிலிகோன் தட்டும் அதிலிருந்து நீளும் குழாயும் கொண்டது அது. இறக்குமதிக் கருவியின் விலையில் சிறு பங்குதான் என்பதால் ஏழை நோயாளிக்கும் எட்டுகிறது.

இந்தக் குழாயில் வால்வு கிடையாது. தட்டைச் சுற்றி உடலே ஒரு திசுவுறை கட்டும்வரை நீரைத் தடுக்க எதுவும் இல்லை. எனவே 6-0 அல்லது 7-0 தடிமனில் தானாகக் கரையும் விக்ரில் நூலால் குழாயை இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அதுவரை அழுத்தத்தைக் குறைக்கக் கட்டுக்கு முன்னால் குழாயில் ஊசியால் சிறு கீறல்கள் போடுவதும் உண்டு. ஏறக்குறைய ஐந்து, ஆறு வாரத்தில் நூல் கரைந்து குழாய் திறக்கும். அதற்குள் உறை உருவாகியிருக்கும்.

அதுவரை பழைய சொட்டு மருந்துகள் தொடரும். திறக்கும் வாரத்தில் அழுத்தம் திடீரென்று விழலாம். பார்வை மங்கினாலோ கண் வலித்தாலோ அன்றே வர வேண்டும். நூல் எப்போது கரையும் என்பதை நோயாளியின் வீட்டாருக்கும் தேதியோடு சொல்லி எழுதிக்கொடுப்பது நல்லது. எந்தச் சொட்டு மருந்தை நிறுத்துவது என்று நூல் கரைந்த பிறகு நடக்கும் பரிசோதனையில் அழுத்தத்தை அளந்த பிறகே மருத்துவர் சொல்வார்.