மணிக்கு இன்று ஸ்நானம்!

வாளிச் சத்தம் கேட்டவுடன் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் ஆசாமி உங்கள் வீட்டில் உண்டா? குழந்தைகளைச் சொல்லவில்லை. குழந்தையிடம், "கண் எரியவே எரியாது" என்று பொய் சொல்லி அழைத்து வந்துவிடலாம். நாயிடம் அந்தப் பொய் ஒரு தடவைதான் செல்லும்!

சென்ற மாதம் சேர்வராயன் மலையிலுள்ள மாரமங்கலத்துக்குப் போயிருந்தேன். அங்கே காப்பித் தோட்டத்தின் நடுவே என் பெரியம்மாவின் வீடு இருக்கிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, தலை சுற்றல் அடங்கத் திண்ணையில் உட்கார்ந்தேன். "நல்ல நாளாப் பார்த்து வந்தே கண்ணு. இன்னைக்கு மணிக்குக் குளியல்" என்றார் பெரியம்மா. மணி என்பது அவர் வளர்க்கும் செவலை நாய்.

நாய் குளிப்பாட்டுவதில் எனக்கு ஏற்கெனவே அனுபவம் உண்டு என்ற கர்வத்தோடு முழங்கைக்கு மேல் துணியை மடித்துக்கொண்டேன். கர்வம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

முதலில், பெரியம்மா அவசரப்படவே இல்லை. முற்றத்தில் வெயில் நன்றாக விழும்வரை, பத்து மணி மட்டும் காத்திருந்தார். மலையில் காலைத் தண்ணீர் விறைக்க வைக்கும். வெந்நீர் விளாவி, கைக்குழந்தைக்குப் பார்ப்பதுபோல் முழங்கையை விட்டுப் பார்த்தார். நாயின் உடம்புச் சூடு நம்முடையதைவிட அதிகம். பாரன்ஹீட்டில் 101 முதல் 102.5 டிகிரி வரை அதற்குச் சகஜம். அதற்காகச் சுடு தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது. வெதுவெதுப்பு போதும்.

இரண்டாவது, நான் எடுத்து நீட்டிய வாசனை சோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நம் தோல் சற்றுப் புளிப்புத் தன்மை உள்ளது. நாயின் தோல் அப்படியல்ல, நம்முடையதைவிட மெல்லியதும்கூட. நமக்கு ஏற்ற சோப்பு அதற்கு வறட்சியையும் அரிப்பையும் கொண்டுவரும். நாய்களுக்கென்றே விற்கும் ஷாம்புவைச் செம்புத் தண்ணீரில் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டார்.

மூன்றாவது, தலையில் தண்ணீர் விடவில்லை! கழுத்திலிருந்து வால் வரை நனைத்துத் தேய்த்து அலசிவிட்டு, முகத்தைக் கடைசியில் ஈரத் துணியால் துடைத்தார். காரணம் இருக்கிறது. தலை நனைந்தால் நாய் உடனே உதறும். அந்த உதறல் லேசுப்பட்டதல்ல. அமெரிக்காவில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் இதையே ஆராய்ந்து 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உடம்பிலுள்ள தண்ணீரில் பெரும்பகுதியை நாய் சில விநாடிகளில் உதறித் தள்ளிவிடுகிறதாம். அது எங்கே போகிறது என்று என் உடுப்பைக் கேட்டால் சொல்லும்.

கையால் பார்க்கும் வேலை

நுரை போட்டபின் பெரியம்மா செய்ததுதான் முக்கியம். கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, விரல்களால் மணியின் உடம்பு முழுவதையும் தடவினார். காது மடலின் உட்புறம், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், வாலின் அடி, கடைசியாகக் கால் விரல்களின் இடுக்கு. அங்கே ஒன்று அகப்பட்டது. மிளகு மாதிரி ஓர் உண்ணி!

சகோதரிகளே, அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இரண்டு வருஷங்களுக்கு முன் எங்கள் வீட்டில் ராஜா என்று ஒரு நாய் இருந்தது. ஞாயிறு தவறாமல் குளிப்பாட்டுவேன். பளபளவென்று இருப்பான். ஆனால் அவன் விரலிடுக்கை நான் ஒரு நாளும் விலக்கிப் பார்த்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பிடவில்லை. வெயில் என்று நினைத்தேன். நான்காம் நாள் ஈறுகள் வெள்ளைத்தாளாக வெளுத்திருந்தன. உண்ணிக் காய்ச்சல் என்றார் வைத்தியர். முதல் நாளே கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பான்.

அழுக்கைப் போக்குவதை மட்டும் குளியல் என்று நினைத்தேன். நாயை முழுக்கத் தொட்டுப் பார்க்க நமக்குக் கிடைக்கும் நேரம் அது என்பது மாரமங்கலத்தில்தான் எனக்கு உறைத்தது.

உண்ணியை எப்படி எடுப்பது? தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. ஸ்பிரிட்டில் போட்டுவிட வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது, பினாயில் கலந்து குளிப்பாட்டுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும். அதோடு, நாய் தன் உடம்பை நக்கும் பிராணி. மேலே பூசியது வயிற்றுக்குள் போய்ச் சேரும்.

உண்ணி முட்டையிடுவது நாயின் மேல் அல்ல. சுவர் விரிசலிலும் அது படுக்கும் சாக்கிலும்தான், ஆயிரக்கணக்கில்! ஆகவே சாக்கையும் வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். கால்நடை மருத்துவரிடம் மாத்திரையோ, கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ கேட்டு வாங்குங்கள். சொட்டு மருந்து விட்டால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் குளியல் கூடாது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

குட்டை ரோம நாய்க்கு மாதம் ஒரு முறை தாராளம். இரண்டு மாதம் நிரம்பாத குட்டிக்கும், காய்ச்சல் கண்ட நாய்க்கும் ஈரத் துணியால் துடைப்பதே போதும். ஒரு விதிவிலக்கு: காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் வராமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிப்பார்கள். அந்த ஈரத்தில் ஓடிவந்த நாயை, அது காலை நக்குவதற்குமுன் கழுவிவிட வேண்டும் என்கிறார் பெரியம்மா. பட்டணத்தில் கொசு மருந்து அடித்த தோட்டத்துக்கும் இதுவே பொருந்தும்.

சோப்புப் பசை துளியும் இல்லாமல் இரண்டு தடவை அலசி, இரண்டு பழைய துண்டுகளால் ஒற்றி எடுத்து, காதுக்குள் வைத்த பஞ்சை மறக்காமல் எடுத்தோம். உதட்டைத் தூக்கி ஈறையும் பார்த்தார் பெரியம்மா. நல்ல ரோஜா நிறம்.

அவிழ்த்துவிட்ட மறுநிமிஷம் மணி எங்கே போனான் தெரியுமா? நேரே காப்பித் தொலிக் குவியலில் போய் உருண்டான்!

"ஐயோ பெரியம்மா!" என்று கத்தினேன்.

"உருளட்டும் கண்ணு. உடம்பு நல்லாத்தானே இருக்குது" என்று துண்டுகளை உலர்த்தப் போய்விட்டார் அவர்.